ஈஜிஎஃப்ஆர் கைனேஸ் சோதனை வேலை செய்யவில்லை – பதில்

வணக்கம். ஏடிபி (பாஸ்பேட் தரும் மூலக்கூறு), மெக்னீசியம் எல்லாம் சேர்த்தும் உங்கள் மறுசேர்க்கை (மரபணுவைப் புகுத்தி ஆய்வகத்தில் உருவாக்கிய) மனித ஈஜிஎஃப்ஆர் (ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் செல் சவ்வுப் புரதம்) பாஸ்பேட் ஏற்றவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். புரதம் கெட்டுப்போயிருக்காது என்றே நினைக்கிறேன். குப்பியோடு வந்த தாளில் அமினோ அமில எண்களைப் பாருங்கள். 25 முதல் 645 வரை என்றிருந்தால், அது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும்தான். பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் பகுதி செல் சவ்வைத் தாண்டி உள்பக்கம், 668-க்கு அப்புறம்தான் வருகிறது. புரதத்தின் எடையைக் காட்டும் ஜெல்லில், எதிர்பார்த்த 68 கிலோடால்டனுக்குப் பதிலாக 100-ஐ ஒட்டிப் பட்டை அகலமாகப் படர்ந்திருந்தது என்றீர்களே, அதுவும் இதைத்தான் காட்டுகிறது: எடையைக் கூட்டும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டுவது வெளிப்பகுதியில்தான்.

தயவுசெய்து அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈஜிஎஃப் பிணைப்புச் சோதனைக்கு அது அருமையாக உதவும். சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள், திரும்பத் திரும்ப உருக்க வேண்டாம். கைனேஸ் சோதனைக்கு உள்பகுதி கொண்ட புரதம் தனியாக வாங்க வேண்டியதுதான்.