மேடை விளக்கில் கோடு விழுவது ஏன்? மிரர்லெஸ் கேள்வி – பதில்

மிரர்லெஸ் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி இல்லாத) கேமரா பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பல, "லென்ஸை மாற்றினால் சரியாகிவிடுமா?" என்றே முடிகின்றன. சிலவற்றுக்கு ஆம். மற்றவற்றுக்குக் கையில் இருக்கும் கேமராவின் மெனுவிலேயே பதில் இருக்கிறது.

கே: மகளின் சலங்கை பூஜையை ஏ.பி.எஸ்.-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள) மிரர்லெஸ் கேமராவில் எடுத்தேன். சத்தம் கேட்கக் கூடாதென்று சைலண்ட் ஷட்டரில் வைத்திருந்தேன். படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கருங்கோடுகள். முகம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துவிட்டது. அடுத்து அரங்கேற்றம் வருகிறது. கேமராவில் கோளாறா? மேடையிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் இடம் கிடைக்கும். எந்த லென்ஸ் தேவை?
– வாசகி, தஞ்சாவூர்

ப: கோளாறு எதுவும் இல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்குகளில் பல நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கேமராவில் படத்தைப் பதிக்கும் சென்சாருக்குத் தெரியும். சைலண்ட் ஷட்டரில் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. நடுத்தர விலை கேமராக்களில் இதற்கு 1/15 முதல் 1/60 நொடி வரை ஆகும். 1/20 நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் விளக்கு 5 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நீங்கள் ஷட்டர் வேகத்தை 1/500 வைத்திருந்தால் மங்கிய கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் இருண்டும், பிரகாசமான கணத்தில் படிக்கப்பட்டவை வெளிச்சமாகவும் பதியும். படத்தில் 5 கோடுகள். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் அதே கோடுகள் செங்குத்தாக விழும்.

ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் முழுத் துடிப்பு ஒன்றோ இரண்டோ கிடைத்துவிடும். எல்லா வரிகளும் ஒரே அளவு வெளிச்சம் பெறும், கோடு மறையும். ஆனால் 1/100-இல் அடவு ஆடும் கைகள் கலங்கிவிடும். எனவே நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜதியும் தில்லானாவும் வரும்போது மெக்கானிக்கல் ஷட்டர், 1/400 முதல் 1/500. மிருதங்கமும் நட்டுவாங்கத் தாளமும் சேர்ந்து ஒலிக்கும் நேரத்தில் ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது. பதம், அபிநயம் வரும்போது சைலண்ட் ஷட்டர், 1/100. அங்கே அசைவும் குறைவு, அரங்கமும் அமைதி. தீர்மானம் (ஜதியை முடித்து வைக்கும் அடவு வரிசை) முடிந்து நிற்கும் அந்த அரைநொடியை 1/200-இலேயே கூர்மையாகப் பிடிக்கலாம். அதற்கு ஜதியின் எண்ணிக்கை காதில் ஓட வேண்டும். ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவது எந்த செட்டிங்கையும் விடப் பலன் தரும்.

மெக்கானிக்கல் ஷட்டரில் பட்டை பெரும்பாலும் தெரியாது, ஆனால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் ஏறி இறங்கும். மெனுவில் 'ஆன்ட்டி ஃப்ளிக்கர்' இருந்தால் ஆன் செய்யுங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டர் விழும். ஒரு எச்சரிக்கை: மேடையின் வண்ண எல்.இ.டி. விளக்குகள் சில இந்த 100 துடிப்புக் கணக்குக்குள் அடங்காமல் வேறு வேகத்தில் துடிக்கும். அவற்றின் முன் 1/100-உம் கை கொடுக்காமல் போகலாம். விளக்கு போட்டவுடன் ஐந்தாறு வேகங்களில் சோதித்துப் பாருங்கள்.

இனி முகம் வெளுத்த கதை. பின்திரை கறுப்பு, நடுவில் ஆடுபவர் மீது மட்டும் ஒளி. கேமராவின் மீட்டர் கறுப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்து, "இருட்டாக இருக்கிறது" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. மேனுவல் மோட், எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு, எண் சிறியதானால் ஒளி கூடும்), ஷட்டர் 1/400, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறனைக் கேமராவே தேர்ந்துகொள்ளும்) வைத்து, படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை –1 முதல் –1.7 வரை இறக்குங்கள். ஸீப்ரா வசதி (வெளுத்துப்போகும் இடத்தில் வரி காட்டுவது) இருந்தால் 100-இல் வைத்து, நெற்றியிலும் கன்னத்திலும் வரி மறையும்வரை குறையுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் வகையைப் பாருங்கள். அரக்குச் சிவப்புப் பட்டின் மீது மஞ்சள் ஒளி விழும்போது சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். மொத்த வெளிச்சம் சரியாகவே தெரியும், ஆனால் பட்டின் மடிப்பும் சரிகையும் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். நிறச் சமநிலையான வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஹாலஜன் விளக்கென்றால் 3200 கெல்வினில் நிறுத்துங்கள். எல்.இ.டி. என்றால் தலையில் வைத்த வெள்ளைப் பூ வெள்ளையாகத் தெரியும் எண்ணைப் பிடித்து, அதிலேயே விடுங்கள். ரா (கேமரா பதப்படுத்தாத மூல) கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும்.

லென்ஸுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தூரத்தை சென்சாரின் நீளத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணான ஃபோக்கல் லெங்த்தால் வகுத்தால் படத்தில் எவ்வளவு அடங்கும் என்று தெரிந்துவிடும். ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் நீளப் பக்கம் சுமார் 23.5 மி.மீ. கேமராவை நிமிர்த்திப் பிடித்து 10 மீட்டரில் 85 மி.மீ. வைத்தால் 2.76 மீட்டர் உயரம் அடங்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றாலும் விரல் வெட்டுப்படாது. 56 மி.மீ. என்றால் 4.2 மீட்டர், நட்டுவனாரும் உள்ளே வருவார். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். கேமராவுடன் வரும் கிட் ஸூம் எஃப் 5.6-இல் நின்றால், எஃப் 1.8-இல் எடுப்பதைவிட ஐ.எஸ்.ஓ. ஏறத்தாழ பத்து மடங்கு ஏற வேண்டும்.

கே: கிட் லென்ஸுடன் கேமரா வாங்கினேன். வீட்டில் குழந்தைகளை எடுக்க 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், நாகர்கோவில்

ப: லென்ஸ் நல்லதுதான். உங்கள் அறைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். 10 அடி அறையில் சுவரோடு ஒட்டி நின்றால் குழந்தைக்கும் உங்களுக்கும் 2.5 மீட்டர் தூரம் கிடைக்கும். மேலே சொன்ன கணக்கின்படி 50 மி.மீ.-இல் 1.18 மீட்டர் அகலமே அடங்கும். ஒரு குழந்தை சரி, இரண்டு பேர் ஓடி விளையாடினால் ஒருவர் வெளியே போய்விடுவார். 35 மி.மீ. என்றால் 1.68 மீட்டர். 23 அல்லது 24 மி.மீ. என்றால் 2.4 மீட்டருக்கு மேல், தாத்தா பாட்டியும் அடங்குவார்கள். ஏ.பி.எஸ்.-சி கேமராவுக்கு வீட்டுக்குள் முதல் பிரைம் (ஸூம் ஆகாத) லென்ஸாக 35-ஐத்தான் பரிந்துரைப்போம். 50-ஐ மொட்டை மாடிக்கும் தோட்டத்துக்கும் பிறகு வாங்கலாம்.

வாங்குமுன் ஒரு வாரம் கிட் ஸூமை 35-இல் நிறுத்தி, அசைக்காமல் எடுத்துப் பாருங்கள். பிறகு 50-இல் ஒரு வாரம். எதில் பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் இடித்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எஃப் 5.6-இலிருந்து எஃப் 1.8-க்கு வந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி. ஐ.எஸ்.ஓ. 6400 கேட்ட இடத்தில் 640 போதும். ஆனால் 35 மி.மீ.-ஐ எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. ஒரு சாண் கூட இல்லை. அக்காவின் கண் கூர்மையாகவும், அரை அடி பின்னால் இருக்கும் தம்பியின் முகம் மங்கியும் இருக்கும். லென்ஸைக் குறை சொல்லாமல் எஃப் 4-க்குப் போங்கள், ஏறத்தாழ ஓர் அடி ஆழம் கிடைக்கும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்று வைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் கேமரா 1/60-க்கு இறங்கி, ஓடும் குழந்தையைக் கலக்கிவிடும்.

கே: ஐ.எஸ்.ஓ. 3200-க்கு மேல் போகப் பயமாக இருக்கிறது.
– வாசகர், ஓசூர்

ப: பயம் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் தோன்றும் புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம், கலங்கிய கையைத் திருத்த முடியாது. 3200-இல் இருட்டாக எடுத்து கணினியில் தூக்குவதை விட 6400-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்தால் படம் சுத்தமாக இருக்கும்.

கே: பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களை மிரர்லெஸ்ஸில் மாட்டினால் தரம் குறையுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: குறையாது. கேனான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் மாட்டும் இ.எஃப். மவுண்டிலிருந்து சென்சார் 44 மி.மீ. தூரத்தில் இருக்கும், மிரர்லெஸ்ஸின் ஆர்.எஃப். மவுண்டில் 20 மி.மீ. நடுவிலிருந்த, ஒளியைத் திருப்பும் கண்ணாடி போனதால் மிச்சமான 24 மி.மீ.-ஐத்தான் அடாப்டர் நிரப்புகிறது. அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் குழாயும் மின் இணைப்புகளும்தான். ஆட்டோ ஃபோகஸ் நன்றாகவே வேலை செய்யும். நிக்கானில் மட்டும் கவனம்: எஃப்.டி.ஸெட். அடாப்டரில் மோட்டார் கிடையாது. உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகும். பாடியிலுள்ள திருகால் சுழலும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏ.பி.எஸ்.-சி-க்கான லென்ஸைப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டினால் படத்தின் நடுப்பகுதி மட்டும் பதியும். 24 மெகாபிக்ஸல் கேமராவில் சுமார் 10 மெகாபிக்ஸல்தான் மிஞ்சும்.

கே: ஸ்டுடியோ ஃப்ளாஷ் மாட்டி எஃப் 8, 1/200, ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால் வ்யூஃபைண்டர் கும்மிருட்டாகிவிடுகிறது. ஆனால் எடுத்த படம் சரியாக வருகிறது.
– வாசகர், திருச்சி

ப: அறையில் ஃப்ளாஷ் இல்லாமல் இந்த செட்டிங்கில் எடுத்தால் எப்படி வருமோ அதைத்தான் கேமரா உண்மையாகக் காட்டுகிறது. ஃப்ளாஷ் வெடிக்கப் போவது அதற்குத் தெரியாது. சோனியில் 'லைவ் வ்யூ டிஸ்ப்ளே'-ஐ 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்' ஆக்குங்கள். கேனானில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்'-ஐ நிறுத்துங்கள். ஃபூஜிஃபிலிமில் மேனுவல் மோடுக்கான 'ப்ரிவ்யூ எக்ஸ்போஷர்'-ஐ ஆஃப் செய்யுங்கள். வெளியே போகும்போது மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். எக்ஸ்போஷரை எடுக்கும் முன்பே பார்க்க முடிவதுதான் மிரர்லெஸ்ஸின் பெரிய வசதி. படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் ஸிங்க் வேகத்தை (ஃப்ளாஷுடன் ஒத்துப்போகும் உச்ச வேகத்தை) தாண்டிவிட்டது என்று பொருள். அது பல கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரை இருக்கும்.

கே: கடலோரத்தில் வீடு. லென்ஸுக்குள் பூஞ்சை வராமல் எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, யாழ்ப்பாணம்

ப: கேமராப் பையிலோ துணி அலமாரியிலோ வைக்காதீர்கள், பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஒரு சிறிய ஈரப்பத மீட்டர், 200 கிராம் சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன. 110 டிகிரி செல்சியஸ் அளவில் ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மீண்டும் நீலமாகும். சமையல் பாத்திரத்தில் வைக்க வேண்டாம். டப்பாவில் அரிசி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போகும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவை ஸிப் பையில் மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். வியர்ப்பது பையின் மேல்தான் வியர்க்கும். மாதம் ஒருமுறை பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் மெல்லிய இழைகள் தெரிந்தால் உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள். நாளானால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

கே: கூந்தன்குளத்தில் 55–210 மி.மீ. லென்ஸில் பறவைகள் எடுத்தேன். கூர்மையே இல்லை. 600 மி.மீ. வரை போகும் லென்ஸ் வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: எந்தப் பறவை என்பதைப் பொறுத்தது. 30 மீட்டரில் 210 மி.மீ. வைத்தால் படத்தின் உயரத்தில் சுமார் 2.2 மீட்டர் அடங்கும். மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், பாதிப் படத்தை நிரப்பிவிடும். கூழைக்கடாவும் அப்படியே. இவற்றுக்கு இந்த லென்ஸ் போதும். மீன்கொத்தி ஒரு சாணைவிடச் சற்றே பெரியது, அதற்குத்தான் 400-உம் 600-உம் வேண்டும்.

கூர்மை போனதற்கு வேறு காரணங்களைத் தேடுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? வெயில் ஏறிய பின் நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையடிக்கும். அதன் ஊடாக எந்த விலை லென்ஸும் குழைந்துதான் காட்டும், தூரம் கூடக் கூடக் குழைவும் கூடும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துப் பாருங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000, கூட்டில் நிற்பதற்கு 1/640. அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுக்கத் திறந்து, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. ஃபோகஸ் ஏஎஃப்-சி (அசைவதைத் தொடர்ந்து பிடிப்பது), பறவைக் கண் கண்டறிதல் ஆன். கிளைகளுக்கு நடுவே கூடு இருந்தால் கேமரா முன்னாலுள்ள குச்சியைப் பிடித்துக்கொள்ளும், அப்போது ஃபோகஸ் பகுதியைச் சிறிய புள்ளியாகச் சுருக்குங்கள். வெளுத்த வானத்தின் முன் பறந்தால் காம்பன்சேஷன் +1. அதே பறவை கரும்பச்சை மரத்தின் முன் வந்ததும் –0.7-க்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை இறகின் வரிகள் அழிந்துவிடும். அந்த டயலைப் பார்க்காமலே கட்டைவிரலால் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள்.