பொம்மை வீட்டுக் கம்பளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நவராத்திரி நெருங்கினால், குழாய் ஊசியால் துணியில் நூலைக் குத்திக் குத்தி, சிறு வளையங்களாக (கண்ணிகளாக) நிரப்பிக் கம்பளம் செய்யும் பஞ்ச் நீடில் வேலை பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. கொலுவில் பூங்காவும் சந்தையும் வைத்துச் சலித்தவர்கள், மேசை நாற்காலியோடு முழு வீடே அமைக்கத் தொடங்கிவிட்டார்கள். இம்முறை தொண்டி முதல் கீழக்கரை வரையிலான கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எம்பிராய்டரிச் சட்டத்தில் துணியைத் தளர்வாக மாட்டியிருப்பவர்கள் அதை இறுக்கிவிட்டு வந்து மேலே படிக்கலாம்; பாதிக் கேள்விகள் அத்துடன் தீர்ந்துவிடும்.

தொண்டி வாசகி: நான் குத்திக்கொண்டே போக, முன்பு போட்ட கண்ணிகள் உருவிக்கொண்டு வருகின்றன. ஊசியில் பழுதா?

ஊசியில் பழுதில்லை. இந்த வேலையில் முடிச்சு என்பதே கிடையாது. ஊசி விலக்கிய துணியின் இழைகள் மீண்டும் நெருங்கி நூலைக் கவ்விக்கொள்வதால்தான் கண்ணி நிற்கிறது. துணி தளர்ந்திருந்தால் ஊசி அதைத் துளைக்காமல் அமுக்கிக்கொண்டே போகும், கண்ணியும் உருவாகாது. விரலால் தட்டினால் மத்தளம் போல் ஒலிக்கும் அளவுக்குத் துணி இறுகியிருக்க வேண்டும். அடுத்து, நூல் உங்கள் முழங்கைக்கு அடியிலோ சட்டத்தின் திருகிலோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நூல் தடையின்றி ஓட வேண்டும். பிடி துணியில் படும்வரை குத்திவிட்டு, ஊசியின் நுனியைத் துணியை விட்டுத் தூக்காமல், உரசினாற்போல் நகர்த்தி அடுத்த குத்துக்குப் போங்கள்.

பாம்பன் வாசகி: ஊசிக் குழாய்க்குள் நூல் சிக்குகிறது, துணியில் பழுப்புக் கறையும் படுகிறது.

துரு. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் ஊசியைத் துணியில் குத்தியபடியே இரவெல்லாம் விட்டுவைத்தால் வேறென்ன ஆகும்? நூல் கோக்கும் கம்பியில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் தொட்டுக் குழாய்க்குள் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு எண்ணெய் தடம் முற்றிலும் போகும்வரை கழிவுத் துணியில் குத்திப் பாருங்கள். அதன் பின்னும் நூல் சிக்கினால் குழாயின் உட்புறம் அரித்துவிட்டது என்று பொருள். புதிய ஊசிதான் வழி. வேலை முடிந்ததும் ஊசியை உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சட்டத்தையும் கழற்றிவிடுங்கள்.

மண்டபம் வாசகர்: வலை பின்னும் நைலான் நூல் வீட்டில் நிறைய இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. விறைப்பும் வழுக்கலும் உள்ள நூலில் கண்ணி நிற்காது.

ராமநாதபுரம் வாசகி: எங்கள் கொலு வீட்டுக் கூடத்துக்கு ஒரு கம்பளம் செய்ய விரும்புகிறேன். எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?

கூடத்தின் நீள அகலம் எழுதவில்லை. பொம்மையின் உயரமும் எழுதவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி இதே வடிவில் வருகிறது. அளவு விகிதம் தெரியாமல் கம்பளத்துக்கு அங்குலம் சொல்ல எவராலும் முடியாது.

பொம்மை வீட்டுக் கலையில் பெரிதும் வழங்குவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதம். அதாவது நிஜத்தில் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். புது டெல்லியைத் திட்டமிட்ட லட்யன்ஸ் வடிவமைத்து, 1924-ல் நிறைவுபெற்று, இன்று வின்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி அரசியின் பொம்மை வீடு இந்த அளவில்தான் அமைந்தது. சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள 68 தோர்ன் அறைகளும் இதே அளவை ஒட்டியவையே. நம் கொலுப் பொம்மைகளோ எந்த விகிதத்துக்கும் கட்டுப்படுவதில்லை. ஆகவே வீட்டுக்குள் வைக்கப்போகும், நிற்கும் நிலையில் உள்ள ஒரு மனிதப் பொம்மையை அளந்து, அதை ஐந்தரை அடி ஆளாகக் கொள்ளுங்கள். பொம்மை ஐந்தரை அங்குலம் இருந்தால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். பதினோரு அங்குலம் இருந்தால் இரண்டு அங்குலம். செட்டியார் பொம்மை உட்கார்ந்திருக்கும், அதை அளந்து பயனில்லை. சாமி பொம்மைகளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பொம்மை இல்லையென்றால் வாசற்கதவை ஏழு அடியாகக் கொள்ளலாம்.

நீள அகலத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. கண்ணியின் உயரமும் அதே விகிதத்துக்கு அடங்க வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டில் மூன்று மில்லிமீட்டர் கண்ணி என்பது நிஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பொம்மையின் நாற்காலிக் கால் அதில் புதைந்துவிடும். கம்பளி நூலுக்கான பருத்த ஊசியை வாங்கிவிட்டு, கம்பளம் ஏன் புதராகத் தெரிகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். எம்பிராய்டரி நூலில் ஓரிழைக்கோ மூவிழைக்கோ உரிய மெல்லிய ஊசியை எடுத்து, ஆழத்தை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். ஆழம் மாற்றும் அமைப்பு உங்கள் ஊசியில் இல்லையென்றால், மெல்லிய மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டு வெட்டி, நுனியும் நூல் துளையும் வெளியே தெரியும்படி ஊசியில் செருகுங்கள். உறை நீள நீளக் கண்ணி குட்டையாகும்.

தேவிபட்டினம் வாசகி: வாசல் மிதியடியில் ‘நல்வரவு’ என்று போட்டேன். எழுத்துகள் இடவலம் மாறிவிட்டன.

நீங்கள் குத்துவது கம்பளத்தின் பின்பக்கம். கண்ணிகள் கீழ்ப்பக்கம் விழுகின்றன. எழுத்தைத் தாளில் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்துத் துணியில் படியெடுங்கள். இரண்டரை அங்குல மிதியடியில் ஓர் எழுத்துக்கு அரை அங்குலம்கூடக் கிடைக்காது என்பதால், ஓரிழையில் குத்தினால்தான் வளைவுகள் தெளியும்.

கீழக்கரை வாசகி: மகளின் பொம்மை வீட்டுக்குத் தொழுகை விரிப்பு ஒன்று செய்தேன். நான்கு மூலையும் சுருண்டுகொள்கின்றன. வெள்ளைப் பசையைப் பின்பக்கம் பூசலாமா?

முழுதும் பூச வேண்டாம். துணி அட்டையாகிவிடும், தரையில் படியாது. ஈரக் காற்றில் அந்தப் பசை மறுபடி இளகவும் கூடும். மூலை சுருள்வது நெருக்கிக் குத்தியதால். ஒவ்வொரு கண்ணியும் துணியைச் சற்று விரிக்கிறது. வரிசைகளை ஒட்ட ஒட்டக் குத்தினால் நடுப்பகுதி விரிந்து ஓரம் இழுக்கிறது. பின்பக்கத்தில் இரு வரிசைகளுக்கிடையே ஒரு நூல் அகலம் துணி தெரிந்தால் குற்றமில்லை, கண்ணிகள் முன்பக்கம் விரிந்து அதை மறைத்துவிடும். இப்போது செய்ய வேண்டியது: துவாலையை மடித்துப் போட்டு, கண்ணிப் பக்கம் கீழே இருக்குமாறு விரிப்பை வைத்து, ஈரத் துணி மூடி இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஆறிய பின் ஓரத்தில் அரை அங்குலத் துணி விட்டு வெட்டி, மூலைகளைச் சாய்வாகக் கத்தரித்து, பின்னால் மடித்து நுண்தையல் போடுங்கள். அடுத்த விரிப்பைத் தொடங்கும்போது, மீண்டும் சொல்கிறேன், துணியை இறுக்கிக்கொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து மற்றொருவர்: எந்தத் துணி நல்லது?

பாலியஸ்டர் கலந்த, நெருக்கமாக நெய்த பருத்தி. ரவிக்கை லைனிங் மிக மெல்லியது, கிழியும். சாக்குத் துணியின் இழைகள் விலகியே நிற்கும்.

மண்டபம் வாசகி: நான்குக்கு ஆறு அங்குலக் கம்பளத்துக்கு எத்தனை நூல்கட்டு வேண்டும்?

எட்டு மீட்டர் கொண்ட ஆறிழைக் கட்டைப் பிரித்தால் மூவிழையாகப் பதினாறு மீட்டர் கிடைக்கும். குட்டைக் கண்ணியில் அது ஏறக்குறைய பன்னிரண்டு சதுர அங்குலம் நிரப்பும். உங்களுக்கு இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும். கம்பளத்தின் பின்னணி நிறத்துக்கு மூன்றாக வாங்குங்கள். மூன்றையும் ஒரே நாளில், ஒரே கடையில், உறையில் அச்சிட்ட சாய எண் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு வாங்கிய கட்டு ஒரு சாயல் மாறினாலும் கம்பளத்தின் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். அதைப் பிரித்துத் திரும்பக் குத்தினால் துணியில் துளைகள் பெருத்துக் கண்ணி நிற்பதில்லை.