ரிசர்வ் அணி யாரோடு ஆட வேண்டும்? லீக்கிலா, கிளப்பே பிடித்துவரும் ஆட்டங்களிலா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் கால்பந்து கிளப் ரசிகர்கள் தங்கள் ரிசர்வ் அணி (முதல் அணிக்கு அடுத்த அணி) லீக்கில் ஆட வேண்டுமா, நட்பு ஆட்டங்கள் ஆட வேண்டுமா என்று சண்டை பிடிக்கிறார்கள். முதல் அணியின் புள்ளிகளை ஒன்றும் செய்யாத ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு சத்தம்? யார் சொல்வது சரி?

இந்தச் சண்டையில் நான் 2016இலிருந்து இருக்கிறேன். முதல் மூன்று வருடம் ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம், இப்போது இரண்டிலும் இல்லை.

நான் மேற்கு லண்டன் கிளப்பான பிரென்ட்ஃபோர்ட்டின் ரசிகன். பெரிய கதை ஒன்றுமில்லை. ஹவுன்ஸ்லோவில் வீடு, 237ஆம் இலக்க பஸ் மைதானத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும், அந்த நாளில் டிக்கெட்டும் சுலபமாகக் கிடைத்தது. இரண்டாம் டிவிசன் கிளப்பாக இருந்தபோது எங்கள் ரிசர்வ் அணி எங்கே ஆடுகிறது என்று நானும் கேட்டதில்லை. கேட்க வைத்தது 2016 மே மாதம்தான். கிளப் தன் அகாடமியை மூடியது. சின்ன வயதிலிருந்து பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் முழு அமைப்பும் போய்விட்டது.

காரணம் கணக்கு. அகாடமிக்கு வருடம் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் 2012இல் வந்த இ.பி.பி.பி. என்ற இளையோர் வளர்ப்புத் திட்டத்தின்படி, பெரிய கிளப் ஒன்று உங்கள் பிள்ளையைக் கேட்டால் விலை பேச இடமில்லை. எத்தனை வருடம் வளர்த்தீர்கள், உங்கள் அகாடமி எந்தத் தரம் என்று பார்த்து, அட்டவணையில் உள்ள தொகையைத் தந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் அகாடமிப் பெடியள் யான் கார்லோ பொவேடா மான்செஸ்டர் சிட்டிக்கும், ஜோஷ் பொஹுயி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் போனார்கள். தலைக்கு 30,000 பவுண்ட் அளவில் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நெல் விதைத்து, தண்ணீர் கட்டி, கதிர் முற்றும் நேரத்தில் பக்கத்து வளவுக்காரன் வந்து அறுத்துக்கொண்டு, வைக்கோலின் விலையைக் கையில் வைத்த மாதிரி.

அதற்குப் பதிலாக 'பி டீம்' என்று ஒன்றை வைத்தார்கள். பதினேழு வயதுக்கு மேற்பட்ட பெடியள். பெரிய அகாடமிகள் வேண்டாம் என்று விட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் கிளப்புக்காக 500 ஆட்டத்துக்கு மேல் ஆடிய கெவின் ஓ'கானர் பயிற்சியாளர். இதுவரை யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த அணி எந்த லீக்கில் ஆடும் என்று கேட்டால், ஒரு லீக்கிலும் இல்லை! மான்செஸ்டர் யுனைடெட், பேயர்ன் மியூனிக் போன்ற கிளப்களின் இளையோர் அணிகள், வெளிநாட்டு அணிகள், சின்னச் சின்ன ஊர்களின் ஆண்கள் அணிகள் என்று, எதிரணியைக் கிளப்பே தேடிப் பிடித்துக்கொள்ளும்.

சண்டை இங்கேதான் தொடங்கியது.

நான் லீக் கட்சி. ஊரில் எங்கள் கழகத்தின் பி அணி தோற்றாலும் ஒரு கிழமைக்குச் சந்தியில் தலைகாட்ட முடியாது; அப்படி வளர்ந்தவனுக்குப் புள்ளி இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை. நட்பு ஆட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பயிற்சியாளர்களும் முதலே பேசிக்கொள்வார்கள்: முப்பது நிமிடமாக மூன்று பகுதி, வெளியே போனவன் திரும்பி வரலாம். சிவப்பு அட்டை காட்டவேண்டிய இடத்தில் ரெஃபரி பயிற்சியாளரைப் பார்த்து, "இவரைக் கொஞ்சம் வெளியே எடுங்களேன்" என்பார். இதில் ஒரு பெடியன் எதைப் படிப்பான்?

பழைய மைதானமான கிரிஃபின் பார்க்கின் நான்கு மூலையிலும் நான்கு பப் இருந்தன. அதில் ஒன்றில் வழக்கமாகப் பார்க்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என் கட்சி. அவருடைய காலத்தில் முதல் அணி வெளியூர் போகும் சனிக்கிழமைகளில் ரிசர்வ் அணி உள்ளூரில் ஆடும். தெற்குக் கிளப்களின் ரிசர்வ் அணிகளுக்கு ஃபுட்பால் காம்பினேஷன் என்று தனி லீக்கே இருந்தது. அவருடைய துக்கம் பெடியளின் வளர்ச்சி பற்றியதே அல்ல. வெறுமையான சனிக்கிழமை பற்றியது. ரசிகர்கள் இதற்கு ஏன் சத்தம் போடுகிறார்கள் என்று கேட்டீர்களே, பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்க்கட்சி என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவியின் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பவன்.

"அட்டவணையில எத்தினையாம் இடம் எண்டு பாக்கவே அத்தான் டீம் நடத்துறாங்கள்? இருவது பேரில ரெண்டு பேர் மேல போனாக் காணும்."

சாப்பாட்டு மேசையில் கரண்டி, கோப்பையெல்லாம் பரப்பி வைத்து விளக்கினான். இளையோர் லீக்கில் எல்லாரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம் மாதிரி. கோல் காப்பாளரிலிருந்து எல்லாரும் தரையோடு பந்து கொடுக்கிறார்கள், எல்லாரும் ஒரே மாதிரி அமுக்கி ஆடுகிறார்கள். சீசன் முழுக்க ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். எதிரணியை நாமே தெரிவுசெய்தால், தலையடி பலவீனமான பின்களக்காரனுக்கு இந்தக் கிழமை உயரப் பந்து அடிக்கும் அணி ஒன்று. அடுத்த கிழமை வேகமான யுனைடெட் பெடியள். முதல் அணி இரண்டு பேரைப் பயிற்சிக்குக் கேட்டால் ஆட்டத்தையே தள்ளி வைக்கலாம். காயத்திலிருந்து வருபவனுக்கு நாற்பத்தைந்து நிமிடம் மட்டும் வேண்டுமா, அதுவும் சரி. லீக் இதற்கெல்லாம் வளையாது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கரண்டியைக் கழுவப் போட்டேன்.

என் மனதை மாற்றியது ஒரு மழைநாள். பி டீம் அப்போது கவுண்டிக் கோப்பைகளிலும், அதாவது அந்தந்த வட்டாரக் கிளப்களுக்கான போட்டிகளிலும், ஆடியது. அப்படி ஒரு ஆட்டம், கிழமை நாள், இரவு. எதிரணி கீழ் டிவிசன் ஒன்றின் ஆண்கள். பகலில் வான் ஓட்டிவிட்டோ, கூரை வேலை செய்துவிட்டோ வந்து பூட்ஸ் கட்டியவர்கள். பார்க்க வந்தவர்கள் எண்ணக்கூடிய அளவு. கம்பி வேலியில் சாய்ந்தபடி, ஸ்டைரோஃபோம் கோப்பைத் தேநீரோடு நின்றேன். எங்கள் சென்டர் பேக்குக்கு, அதாவது நடுப் பின்களக்காரனுக்கு, பதினெட்டு வயது இருக்கும். பந்து காலில் வந்தால் கண்ணுக்கு அழகு. அவனோடு மோதியவருக்கு முப்பத்தைந்து, கொஞ்சம் தொந்தி.

முதல் கார்னர். தொந்திக்காரர் பெடியனுடைய காலின் மேல் தன் காலை மெதுவாக வைத்தார். மிதிக்கவில்லை, வைத்தார். அவ்வளவுதான். பந்து வரும்போது பெடியனால் எம்ப முடியவில்லை. தொந்திக்காரரின் தலையடி வெளியே போனது. பெடியன் இரண்டு கையையும் விரித்து ரெஃபரியைப் பார்த்தான். ரெஃபரி நேரம் பார்த்தார். இரண்டாவது கார்னரில் முழங்கை நெஞ்சில். பெடியன் திரும்பவும் ரெஃபரியைப் பார்த்தான். மூன்றாவதில் பார்க்கவில்லை. கார்னர் அடிப்பவன் ஓடத் தொடங்குவதற்கு முதலே இவன் ஒரு அடி பின்னால் போய், ஓடிவந்து எம்பினான். தொந்திக்காரர் கால் வைக்கத் தேடிய இடத்தில் கால் இல்லை. பந்து பாதி மைதானம் தாண்டிப் போனது. தொந்திக்காரர் சிரித்துக்கொண்டே அவனுடைய தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இருபது நிமிடத்துக்குள் நடந்த பாடம். எந்த இளையோர் லீக்கிலும் இது கிடைக்காது என்பதை அன்று ஒத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன், மச்சான் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. அதே தொந்திக்காரர் நட்பு ஆட்டத்துக்கு வந்திருந்தால் அந்தக் காலை வைத்திருப்பாரா? மாட்டார். அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டும், அடிபடாமல் இருந்தால் போதும் என்று ஆடியிருப்பார். அவரைக் காலை வைக்கச் செய்தது கோப்பை. அவருடைய அணிக்கு அடுத்த சுற்று என்று ஒன்று இருந்தது. அன்றிலிருந்து ரிசர்வ் ஆட்ட அட்டவணை எதைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரு கேள்வி: தோற்றால் எதிரணிக்குக் கை நட்டம் ஏதாவது உண்டா?

2021 மே 22ஆம் திகதியைச் சொல்லாமல் போனால் பிரென்ட்ஃபோர்ட் ஆட்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம், எதிரே போர்ன்மத். முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்தோம். போர்ன்மத் பின்களத்தில் கிறிஸ் மெபம். செல்சி சின்ன வயதில் வேண்டாம் என்று விட, எங்களிடம் வந்து, பி டீமிலும் ஆடி, 2019 ஜனவரியில் 120 லட்சம் பவுண்ட் அளவுக்குப் போர்ன்மத்துக்கு விற்கப்பட்டவர். எங்கள் பெஞ்சில் மார்கஸ் ஃபோர்ஸ், 2017இல் வெஸ்ட் புரொம்மிலிருந்து பி டீமுக்கு வந்த ஃபின்லாந்துப் பெடியன். அரைமணி நேரம் ஆவதற்குள் மெபம் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். 81ஆம் நிமிடத்தில் ஃபோர்ஸ் மூன்றாவது கோலை அடித்தார். 3-1. அடுத்த சனிக்கிழமை தேசிய மைதானமான வெம்பிளியில் நடந்த இறுதியில் சுவான்சியை 2-0 என்று வென்று, 74 வருடத்துக்குப் பிறகு முதல் டிவிசன். மூடிய அகாடமிக்குப் பதில் வந்த பி டீமின் பழைய பெடியள் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கமாக எங்களை மேலே தள்ளிவிட்டார்கள். மச்சான் அன்றிரவு என் வீட்டுக் கதவைத் தட்டினது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அவனுக்கு நான் சொன்ன பதில்: ஃபோர்ஸ் கோல் அடிக்கப் பழகியது உன் நட்பு ஆட்டங்களில் இல்லை. 2019-20 சீசனில் ஏஎஃப்சி விம்பிள்டனுக்குக் கடனாகப் போய், மூன்றாம் டிவிசனில், கீழே இறங்கிவிடக் கூடாது என்று பயந்த அணியோடு ஆடியபோதுதான் பெயர் எடுத்தார். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

அப்படியென்றால் ரிசர்வ் அணிகளை நேரே ஆண்கள் போட்டிக்குள் விடலாமே என்பீர்கள். ஸ்பெயினில் அப்படித்தான், ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் அணியான காஸ்டீயா 1980இல் அந்த நாட்டுக் கோப்பையான கோப்பா டெல் ரேயின் இறுதிவரை வந்து, சொந்த முதல் அணியிடம் 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் 2014இல் அப்போதைய கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் டைக் தலைமையிலான குழு பி டீம்களுக்கு இடம் கொடுத்து ஒரு புது டிவிசன் போடலாம் என்றபோது, சின்னக் கிளப் ரசிகர்கள் கொதித்த கொதியில் அது அப்படியே கைவிடப்பட்டது. பிறகு 2016-17இல் சின்ன டிவிசன்களுக்கே உரிய இ.எஃப்.எல். டிராபியில் 16 இளையோர் அணிகளைச் சேர்த்தார்கள். ஆர்சனல், லிவர்பூல், டோட்டன்ஹாம், இரண்டு மான்செஸ்டர் கிளப்கள் ஆகியவை அந்த முதல் வருடம் வரவில்லை. ரசிகர்கள் புறக்கணித்தார்கள், மைதானங்கள் ஆளில்லாமல் கிடந்தன. இதில் எனக்குப் பிடித்த கூத்து: இளைஞர்களை வளர்க்கவென்று மாற்றிய போட்டியில், முழுப்பலமான அணியை இறக்கவில்லை என்று 12 கிளப்களுக்கு அபராதம் போட்டார்கள். தன் சொந்த இளைஞர்களை இறக்கிய லூட்டனும் அதில் ஒன்று.

என் அளவுகோலின்படி அந்தப் போட்டி சரிதான், எதிரணிக்கு வெம்பிளிக் கனவு இருக்கிறது. ஆனாலும் நான் சின்னக் கிளப் ரசிகர்கள் பக்கம். அவர்களுக்கு வெம்பிளி போகக் கிடைக்கும் ஒன்றிரண்டு வழிகளில் ஒன்றை நம்முடைய பெடியளின் டியூஷன் வகுப்பாக்குவது அநியாயம். கவுண்டிக் கோப்பையிலும் அதே அநியாயம் கொஞ்சம் இருக்கிறது என்று மச்சான் சொல்வான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பிரீமியர் லீக்குக்கு ஏறியதும் அங்குள்ள விதி வந்து எங்கள் சண்டையை ஓரளவு தீர்த்தது: அகாடமி இல்லாமல் முடியாது. அகாடமி திரும்ப வந்ததும், 2022-23இல் பி டீம் இளையோர் அணிகளுக்கான பிரீமியர் லீக் கோப்பையில் சேர்ந்தது. வந்த வருடமே, 2023 மே மாதம், சொந்த மைதானத்தில் பிளாக்பர்னை 2-1 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. நான் கேட்ட புள்ளியும் அட்டவணையும் கடைசியில் வந்தன. என்னைக் கேட்டால், ஆட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு போட்டி ஆட்டமாக இருக்கட்டும். மிச்சத்தைப் பயிற்சியாளர் விரும்பியபடி பிடிக்கட்டும். அந்த மிச்சத்திலும் பேர்பெற்ற கிளப்பைத் தேடி விமானம் ஏறுவதைவிட, பக்கத்து ஊரில் வேலை முடித்து வரும் ஆண்களைக் கூப்பிடுவது நல்லது.

போன மாதம் மச்சானுடைய சிறுவர் அணிக்குப் பேர்போன அகாடமி ஒன்றிலிருந்து நட்பு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. நல்ல புல்தரை, தாய் தகப்பன்மாருக்குப் படம் எடுக்க இடம். என்னிடம் வந்து, "என்ன அத்தான், போகட்டே?" என்றான். அந்த ஞாயிறு வேறு யாரும் கேட்டார்களா என்றேன். ஃபெல்தாம் பக்கத்து அணி ஒன்று கேட்டதாம், போன வருடம் எங்களிடம் கடைசி நிமிடத்தில் தோற்றவர்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனை எடுத்து ஃபெல்தாம்காரருக்கு அடித்தான்.