பெடலில் பொருத்திய தகடும் மறுக்கப்பட்ட இழப்பீடும்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். என்னிடம் மேனுவல் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பிரேக்கை மிதித்தபடியே அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி கியரைக் குறைக்கும் ‘ஹீல் அண்ட் டோ’ முறைக்கு வசதியாக, ஆக்சிலரேட்டர் பெடலில் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நீளும் அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். கடந்த மாதம் அவினாசி சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தபோது, பின்னால் வந்த வேன் மோதி டிக்கி நொறுங்கியது. “அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்திருக்கிறீர்கள்” என்று சொல்லி காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. கார் பட்டறையில் நிற்கிறது. தகட்டைக் கழற்றிவிடலாமா? நான் செய்தது குற்றமா?

பதில்: கழற்றாதீர்கள். சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அதை ஏற்கெனவே படம் எடுத்திருப்பார். இப்போது அது காணாமல் போனால், எதையோ மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பேச்சு எழும். தகடு இருக்கும் நிலையிலேயே, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். திருகுகள், தகட்டின் கீழ் விளிம்பு, தரைவிரிப்பு மூன்றும் தெரியட்டும். தனிப்பட்ட முறையில் ஒரு வாகனப் பொறியாளரை வைத்து ஆய்வறிக்கை பெறுங்கள். நிறுவனத்துக்குத் தேதியைத் தெரிவித்த பிறகே அந்த ஆய்வு நடக்க வேண்டும்.

இனி, குற்றமா என்ற கேள்வி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் இங்கே ‘மாற்றம்’ என்று அதே பிரிவு விளக்குகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பும் பதிவுச் சான்றுக்காக உற்பத்தியாளர் தரும் விவரங்களைச் சுற்றியே நிற்கிறது. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் பெடலின் அகலம் எங்கும் இல்லை. ஆகவே 52ஆவது பிரிவு உங்களைத் தொடாது என்பது என் கருத்து. விதிக்குப் புறம்பான மாற்றத்துக்கு 182ஏ பிரிவு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த வாதம் எழுந்தாலும் இந்த விளக்கமே உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் உங்கள் வழக்கின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. நின்றிருந்த காரின் பின்புறத்தில் வேன் மோதியதற்கும் முன்னே காலடியில் இருந்த தகட்டுக்கும் என்ன தொடர்பு? ஓட்டுநருக்கு உரிமம் இல்லாவிட்டாலும், அவர் தவறால் அல்லாமல் இயந்திரக் கோளாறால் தீப்பிடித்த வாகனத்துக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. சொந்த உபயோக வாகனத்தை வாடகைக்கு ஓட்டியது, அது திருட்டுப்போன வழக்கில் பொருட்டல்ல என்று 2008இல் சொல்லி, 75 சதவீத இழப்பீட்டை உறுதி செய்தது. விதிமீறலே என்று வைத்துக்கொண்டாலும், அதற்கும் இழப்புக்கும் தொடர்பு இல்லாதபோது முழுவதுமாகக் கையை விரிக்க முடியாது என்பதற்கு இவை போதும். சிக்னல் கேமராப் பதிவு அழிந்துபோவதற்குள் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்று, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தக்க பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மன் அதே புகாரை எடுக்கமாட்டார். எனவே ஆம்பட்ஸ்மனிடமே தொடங்குங்கள்.

நீங்கள் முன்னால் நின்ற வண்டியில் மோதியிருந்தால் என் பதில் இவ்வளவு தெம்பாக இருந்திருக்காது. வாகனத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. பழுதான நிலையில் ஓட்டுவது சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி குற்றம். 2009இல் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஆக்சிலரேட்டர் தரைவிரிப்பில் சிக்கி டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடு இழந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்த டொயோட்டா, பெடலின் கீழ் முனையை வெட்டிக் குறைத்தது. உங்கள் தகடு அதே கீழ் முனையை நீட்டுகிறது! ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் அதைக் கழற்றி, உறையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் காரை எடுக்க வேண்டாம்.

செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் தகட்டைப் பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண பாலிசிக்குள் வராது. அங்கே நேரும் சேதம் முழுவதும் உங்கள் பையிலிருந்துதான் போகும். மறுபடி பொருத்துவதாக இருந்தால், இடப்பக்கம் மட்டும் நீளும் தகட்டைத் தேர்ந்தெடுங்கள். பாலிசி புதுப்பிக்கும் முன் அதன் படத்தோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் தரும் பதிலை அச்செடுத்து பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.