கிழங்கு சீசனும் கேஷ் கிரெடிட்டும்

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்திருக்கிறேன். சேலத்திலேயே ஒரு தனியார் வங்கியில் கிரெடிட் அனலிஸ்ட் (கடன் கேட்பவரின் தொழிலை எடைபோடுகிறவர்) பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. லீ பஜாரில் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் அப்பா, "ஐபிபிஎஸ் எழுதி அரசு வங்கிக்குப் போ" என்கிறார். கூடச் சேருகிறவர்கள் சி.ஏ., எம்.பி.ஏ. படித்தவர்கள் என்பதால் எனக்கும் பயம். கடன் கேட்டு வருகிறவரிடம் முடியாது என்று சொல்வதுதான் இந்த வேலையா? சேரலாமா?

ம., அம்மாப்பேட்டை

அன்புள்ள ம.,

சேருங்கள். சேரும் முன் இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் கேட்கும் பார்ட்டியின் தொழிலிடத்துக்கு உங்களை அனுப்புவார்களா? உங்கள் ஊக்கத்தொகை, கொடுத்த கடனின் அளவைப் பொறுத்ததா? கிரெடிட் என்று பெயர் வைத்துவிட்டு, ஆவணங்களில் டிக் அடிக்கும் வேலையையே வருஷக்கணக்கில் கொடுக்கிற இடங்கள் உண்டு. கடனை விற்கிற டார்கெட்டும் அதை எடைபோடுகிற பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தால், எவ்வளவு நேர்மையானவருக்கும் கை தடுமாறும்.

'முடியாது' என்பது இந்த வேலையில் ஒரு சின்னப் பகுதிதான். எவ்வளவு, எந்த மாதத்தில் என்று சரியாகச் சொல்வதுதான் கஷ்டம். நம்மூர் சேகோ (ஜவ்வரிசி) ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும், போட்டுவைக்க முடியாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் நிற்கிறதோ அதை வைத்து டன்னுக்கு விலை. சீசன் மாதங்களில் ஆலைக்காரர் கையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். ஜவ்வரிசி களத்தில் காய்ந்து, மூட்டையாகி, சேகோசர்வ் என்ற ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கக் கிடங்குக்குப் போய், டெண்டரில் விலைபோன பிறகுதான் அது திரும்பும். வடக்கே நவராத்திரி விரதத்துக்குக் கிராக்கி வரும் என்று சரக்கைப் பிடித்துவைக்கிறவர்களும் உண்டு.

வேலையில் நீங்கள் முதலில் கற்கும் கணக்குகளில் ஒன்று நாயக் கமிட்டி முறை. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்ட வேண்டிய பணம். அந்த 25-ல் 5-ஐத் தொழில் செய்பவர் போட வேண்டும், 20-ஐ வங்கி தரும். 2 கோடி விற்பனை என்றால் 50 லட்சம் தேவை. அவருடையது 10, வங்கியுடையது 40. போட்ட பணம் வருஷத்தில் நான்கு முறை சுழலும் என்பது இதற்குள் இருக்கும் அனுமானம். சேகோவில் அப்படிச் சீராகச் சுழலாது. சீசனில் இந்த 40 போதாமல் போகலாம். இந்தக் கடன் கேஷ் கிரெடிட், அதாவது தேவைக்கு எடுத்து, பணம் வந்ததும் திரும்பக் கட்டுவது; சரக்கு விற்றுத் தீர்ந்ததும் எடுத்த தொகை இறங்கியிருக்க வேண்டும். மூட்டையெல்லாம் போன பிறகும் கணக்கு உச்சத்திலேயே நின்றால், பணம் மனை வாங்கப் போயிற்றா என்று கேட்டே ஆக வேண்டும்.

40 லட்சம் தேவைப்படுகிறவருக்கு 25 லட்சம் கொடுப்பது பாதுகாப்பு என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. கிழங்கு லாரி வாசலில் நிற்கும்போது மீதி 15 லட்சத்துக்கு அவர் கந்துவட்டிக்குத்தான் போவார். அந்த வட்டி எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் தெரியாது. வங்கிக்குக் கட்ட வேண்டிய வட்டியை அது தின்றுவிடும். நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். குறைத்துக் கொடுத்துத் தொழிலைச் சாய்த்த பொறுப்பு அந்தக் கடன் பரிந்துரை நோட்டை எழுதியவருக்கும் உண்டு.

பேலன்ஸ் ஷீட் மார்ச் 31 என்ற ஒரே ஒரு நாளைத்தான் காட்டும். மற்ற நாட்களுக்கு மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். ஒரு வருஷத்து யூனிட்டுகளை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையை எழுதுங்கள். கிழங்கு வரும் மாதங்களில் யூனிட் ஏறியாக வேண்டும். ஏறவில்லை, விற்பனை மட்டும் ஏறியிருக்கிறது என்றால் ஆலைக்கு நேரில் போங்கள். (கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துத் தாங்களே மின்சாரம் தயாரிக்கிற ஆலைகள் உண்டு. அதைக் கேட்காமல் ஒருவரைச் சந்தேகப்பட்டுவிடாதீர்கள்.) செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும், சங்ககிரி லாரிக்காரருக்கும் இதே தாள் உதவாது. ஒவ்வொன்றுக்கும் பணம் போய் வரும் வழி வேறு.

சி.ஏ. படித்தவர்கள் கணக்கியலில் உங்களைவிட வேகமாக இருப்பார்கள், உண்மைதான். சிறுதொழில் கடனுக்கு வேண்டிய அளவு பி.காமிலேயே இருக்கிறது. கடன் தவணை கட்டும் திறனைப் பார்க்கும்போது தேய்மானத்தை ஏன் லாபத்தோடு திரும்பக் கூட்டுகிறோம் என்று புத்தகம் பார்க்காமல் உங்களால் சொல்ல முடிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மற்றதற்கு அப்பாவைப் பிடியுங்கள். அவர் கடையில் யாருக்கு எத்தனை நாள் கடன், யாருக்கு ரொக்கம் மட்டும், யாருக்கு எப்போது நிறுத்தினார்கள், ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையைத்தான் அந்தக் கடை தினமும் செய்கிறது.

ஐபிபிஎஸ் பற்றி அப்பா சொல்வதும் நியாயம்தான். அதிகாரித் தேர்வை 30 வயது வரை எழுதலாம், வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். அரசு வங்கியில் முதலில் கிளை வேலை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் கிரெடிட் பக்கம் விடுவார்கள்; இங்கே முதல் நாளிலிருந்தே அது கிடைக்கிறது. சேர்ந்த பிறகு வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு அரசு வங்கிக்கே போனாலும் அந்தப் படிப்பு வீணாகாது.