பிரிந்தவர்களின் கேள்விகள், என் பதில்கள்

தப்பு என்னுடையதுதான். பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பலாமா?

ஒரே ஒரு தடவை அனுப்புங்கள். அதற்கு முன் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "நீ இல்லாமல் முடியவில்லை", "ஒரு தடவை பேசலாமா" என்று எங்காவது வந்தால் அடித்துவிடுங்கள், அது அவளிடம் இன்னொன்று கேட்பது. செய்ததை மட்டும் எழுதுங்கள்: "உன் நண்பர்கள் முன்னால் உன்னை மட்டம் தட்டினேன், தப்பு." பதில் வராமல் போகலாம். பிளாக் செய்திருந்தால் அதுதான் பதில், தோழி வழியாகவோ வேறு நம்பரிலிருந்தோ போய் நிற்காதீர்கள்.

போட்டோக்களை அழித்துவிடவா?

இப்போது வேண்டாம். பென்டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்து வையுங்கள்.

எனக்கு வயது 54. அவர் போனதிலிருந்து நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது. மனப்பிரமையா?

பிரமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கடும் துக்கத்தில் இதயத்தின் இடது கீழறை பலூன் மாதிரி உப்பிப்போவதை 1990ல் ஜப்பான் மருத்துவர்கள் விவரித்தார்கள், அந்த வடிவத்தைப் பார்த்து அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரையே வைத்தார்கள்: டாகோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் அறிகுறியை வைத்து மாரடைப்பா இதுவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கே போய் ஈசிஜி எடுங்கள் அம்மா.

விபத்தில் இறந்துவிட்டான். அதற்கு முன் சண்டை, கடைசியாக அவன் செய்த போனை நான் கட் செய்தேன். எங்கள் காதல் யாருக்கும் தெரியாது, சாவுக்கு ஆபீஸ் ஆட்களோடு போய் ஓரமாக நின்றேன்.

இதை இரண்டு தடவை படித்தேன் தங்கை. வாய்விட்டு அழக்கூட உரிமை இல்லாமல் அந்த வாசலில் நின்றிருக்கிறீர்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரி துக்கத்துக்கு கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989லேயே தனிப் பெயர் வைத்து எழுதினார், அவ்வளவு பேர் இதைத் தனியாகச் சுமக்கிறார்கள். அந்த போனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ராத்திரி திரும்பக் கூப்பிடுவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தானே கட் செய்தீர்கள்? இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைத் தண்டிக்கிறீர்கள். அவன் பெயரைச் சொல்லி அழ ஒரே ஒரு ஆளாவது வேண்டும், நம்பிக்கையான ஒரு தோழியிடம் முழுவதையும் சொல்லுங்கள். இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம் எனக்கும் எழுதுங்கள், அவன் எப்படிப்பட்டவன் என்று.