ஐஸ் பெட்டி தூக்குவது கார்டியோ ஆகுமா?

வணக்கம் ஐயா. மண்டபம் என்னும் கடலோர ஊரில் நாள் முழுதும் ஐஸ் பெட்டி தூக்கும் தங்களிடம், 45 வயதில் மருத்துவர் கார்டியோ செய்யச் சொன்னது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

பெட்டியை வண்டியில் ஏற்றியதும் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்குவீர்கள். அதற்குள் நாடித்துடிப்பு இறங்கிவிடும். அது பெரும்பாலும் தசைக்கு வலுச் சேர்க்கும் வேலை. கால், தொடை போன்ற பெரிய தசைகள் இடைவிடாமல் ஒரே சீராக இயங்கும்போது, அவற்றுக்கு ஆக்சிஜன் அனுப்ப இதயமும் நுரையீரலும் தொடர்ந்து கூடுதலாக உழைப்பதையே கார்டியோ என்கிறார்கள். இப்படிப் பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளுவதால், ஓய்வில் இருக்கும்போது துடிப்பு குறைகிறது.

விரைவாக நடந்தாலே போதும். அலை நனைத்து இறுகிய மணலில், வெயில் ஏறுமுன், உடன் வருபவரிடம் பேச முடிந்தும் பாட முடியாத வேகத்தில் நடங்கள். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளும் நல்லதுதான், ஆனால் ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தின் மேல் ஓட்ட வேண்டாம்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கையில் வலி பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.